அண்ணனைக் கீறிய மாப்பிள்ளை

ராயபுரத்தில் பிறந்தவர்கள் யாரும் திரையைப் பார்த்துப் பேசாமல் படம் பார்த்ததாக எனக்குத் தெரிந்து தகவல் இல்லை. கதவுக்குப் பின்னால் ஆள் ஒளிந்திருக்கிறான் என்று கதாநாயகியை எச்சரிப்பது, தப்பான பக்கம் ஓடும் கதாநாயகனுக்குச் சரியான சந்து எதுவென்று காட்டுவது, குடும்பத்தைக் கெடுக்கும் சித்தப்பாவின் பரம்பரையையே இழுத்து விசாரிப்பது எல்லாம் டிக்கெட்டோடு சேர்ந்து வரும் உரிமைகள். இதில் ஒரே குறை, திரையில் இருப்பவர்கள் நம் பேச்சைக் காதில் வாங்குவதில்லை. (அதனால்தான் கடைசி ரீல் வரைக்கும் அவஸ்தைப்பட்டார்கள் என்பது எங்கள் தெருவின் கருத்து.)

இந்தக் குறையைத் தீர்த்துவைக்க ஒரு கம்பெனி கிளம்பி வந்தது. நீங்கள் பேசினால் படம் கேட்கும், நீங்கள் சொன்னபடி கதை போகும் என்று தியேட்டர் வாசலில் பேனர் கட்டினார்கள். படத்தில் வருகிறவர்கள் நிஜ நடிகர்கள் கிடையாது. கம்ப்யூட்டரில் செய்த முகங்கள். பார்க்கிறவர்கள் மைக்கில் எதைச் சொன்னாலும் புரிந்துகொண்டு, அதற்குத் தக்க பதிலை அந்த முகங்கள் அந்த இடத்திலேயே பேசும். இப்படிப்பட்ட அரிய விஞ்ஞானத்தைச் சோதித்துப் பார்க்க, சென்னையில் எத்தனையோ அமைதியான தியேட்டர்கள் இருக்க, அவர்கள் ராயபுரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் துணிச்சலுக்காக அவர்களைப் பாராட்டலாம். அங்கே போய் உட்கார்ந்ததற்காக என்னை இதுவரை யாரும் பாராட்டவில்லை.

என் பெயர் தில்லிபாபு. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வருகிற வண்டிகளைச் சரிபார்த்து விடுவது என் வேலை. வரிசையை மீறிக் குறுக்கே நுழைகிற டிரெய்லர் டிரைவர்களோடு நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துவேன். தெரிந்த மொழி, தெரியாத மொழி எல்லாவற்றிலும் திட்டுவேன். வாய் இல்லாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. ஆனால் மனதில் இருப்பதை எடுத்துச் சொல்லவேண்டிய இடம் என்று ஒன்று வந்துவிட்டால், என் நாக்கு சம்பளமில்லா விடுப்பில் போய்விடும்.

அப்போது அப்படி ஓர் இடம் வந்திருந்தது. எனக்கும் மேகலாவுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது.

மேகலாவுக்குத் திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊசி குத்தும்போது 'எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்' என்று பொய் சொல்லாமல், 'வலிக்கும், கையை ஆட்டாதீங்க' என்று சொல்கிற பெண். எனக்கு எப்படித் தெரியும் என்றால், யார்டில் எல்லோரையும் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பியபோது என் கையில் குத்தியவள் அவள்தான். அதற்குப் பிறகு சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று எனக்கு இல்லாத வியாதிகளையெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டு அங்கே நடையாய் நடந்தேன். உடம்பில் ரத்தம் குறைந்ததுதான் மிச்சம். ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் அம்மாவின் காலைப் பிடித்து, தரகரை வைத்துப் பெண் கேட்கச் செய்தேன். நிச்சயத்தன்று அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. ரத்தம் எடுக்கிறவர்கள் நரம்பைத்தானே பார்ப்பார்கள், முகத்தை எங்கே பார்க்கப் போகிறார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஆகவே அவளைப் பொறுத்தவரை, நான் அம்மா கை காட்டிய பெண்ணுக்குத் தலையாட்டிய பிள்ளை. அதைத்தான் அவள் போனில் கேட்டாள்.

"உங்களுக்கு என்ன நெஜமாவே புடிச்சிருக்கா, இல்ல உங்கம்மா சொன்னாங்கன்னு ஒத்துக்கினீங்களா?"

நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன். அடுத்த தடவை கேட்டபோது சிக்னல் சரியில்லை என்றேன். அதற்கடுத்த தடவை, பக்கத்தில் டிரெய்லர் ஹாரன், ஒன்றும் காதில் விழவில்லை என்றேன். (அப்போது நான் எங்கள் வீட்டுக் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன்.) மேகலா கோபப்படவில்லை. கையை ஆட்டாதீங்க என்று சொல்கிற அதே குரலில், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத ஆளோடு குடும்பம் நடத்த முடியாது, பத்திரிகை அடிப்பதற்குள் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நானே அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றாள்.

என் தோஸ்து சாதிக்கிடம் ஓடினேன். வண்ணாரப்பேட்டையில் ரெடிமேட் துணி வியாபாரம் அவனுக்கு. அந்தக் குரல்படக் கம்பெனிப் பையன்களுக்கு டீ-ஷர்ட் தைத்துக் கொடுத்தவனும் அவன்தான். படத்தில் கதாநாயகன் தானாக எதுவும் பேசமாட்டானாம். அவன் பேசவேண்டிய இடங்களில், மைக் யார் கையில் இருக்கிறதோ அவர்கள்தான் அவனுக்காகப் பேசவேண்டுமாம். கதாநாயகி காதலைப் பற்றிக் கேட்கிற கட்டத்தில் மைக்கை என்னிடம் கொண்டுவரச் சொல்வது தன் பொறுப்பு என்றான்.

"ஹீரோவுக்காகச் சொல்ற மாதிரி உன் ஆளுக்குச் சொல்லிடு மாமு. அது புரிஞ்சிக்கும். உனக்கும் பேஜாரு இல்ல."

அந்த நேரத்தில் எனக்கு அது ராஜதந்திரமாகத் தெரிந்தது. 'என் உயிரில் கலந்துவிட்ட உன்னை எனக்குப் பிடிக்காமல் போகுமா?' என்று ஒரு வசனமும் தயார் செய்தேன். அதை ஒரு டிரெய்லரின் பக்கக் கண்ணாடியைப் பார்த்து உருக்கமாக ஒத்திகை பார்த்தபோது, உள்ளே உட்கார்ந்திருந்த டிரைவர் மெதுவாக ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அதையாவது ஒரு எச்சரிக்கையாக நான் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

சனிக்கிழமை மேட்னி. நான் கூப்பிட்டதற்கு மேகலா வந்தாள். கூடவே அவள் அப்பா ஏகாம்பரமும் வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணைத் தனியாக அனுப்பும் பழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. ஏகாம்பரம் மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த இரைச்சலில் காது பாதி மந்தமாகிவிட்டது. அதனால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதைக்கூட, கப்பலின் அந்த முனையில் நிற்பவருக்குச் சொல்வதுபோலத்தான் சொல்வார். அவர் நேராக வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். என் காதல் அவருடைய தொப்பையைச் சுற்றித்தான் போய்ச்சேர வேண்டும் என்று ஆகிவிட்டது.

படம் தொடங்குமுன் கம்பெனிப் பையன் ஒருவன் மேடையேறி விதிமுறைகளைச் சொன்னான். எங்களைப் பார்வையாளர்கள் என்று சொல்லாமல் பங்கேற்பாளர்கள் என்றான். மைக்கில் பச்சை விளக்கு எரியும்போது மட்டும் பேச வேண்டும், ஒருவர் பேசும்போது மற்றவர்கள் பேசக் கூடாது, நல்ல தமிழில் தெளிவாகப் பேச வேண்டும். மூன்றாவது விதியைக் கேட்டதும் பின்வரிசையிலிருந்து யாரோ, அப்ப நாங்க கெளம்பட்டா என்று கேட்டார்.

முதல் கட்டத்தில், கதாநாயகன் கையில் பெட்டியோடு ஒரு சாலையோரம் நின்றான். ஒரு பக்கம் கார், ஒரு பக்கம் படகு. ஆராதனா என்கிற கதாநாயகியின் வீட்டுக்கு அவன் எதில் போகவேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லலாம் என்றார்கள். தியேட்டரில் பாதிப் பேர் காசிமேட்டுக் கடல்தொழில் குடும்பங்கள். காரை யார் மதிப்பார்கள்? "போட்ல போ" என்று ஒரே குரலில் சொன்னார்கள். திரையில் இருந்தவன் தலையசைத்துவிட்டு, பெட்டியை நடுரோட்டில் 'போட்டுவிட்டு' நடந்து போனான். துணிமணியெல்லாம் உள்ள பெட்டியை இப்படிப் போட்டுவிட்டுப் போகிறானே என்று எனக்குப் பின்னாலிருந்த அம்மாள் வெகுநேரம் வருத்தப்பட்டார்.

அடுத்து ஆராதனா வந்தாள். தன் அண்ணனைக் காணவில்லை, எங்கே போனார் என்று கதாநாயகனைக் கேட்டாள். மைக் முன்வரிசையில் இருந்த ஒரு விசைப்படகுக்காரரிடம் போனது. அண்ணன் திரையின் மூலையில் ஒரு தூணுக்குப் பின்னால் நிற்பது எல்லோருக்கும் தெரிந்தது. படகுக்காரரும் பொறுப்பாக, "இங்கதாம்மா கீறாரு" என்றார்.

எங்கள் ஊரில் அதற்கு இங்கேதான் இருக்கிறார் என்று அர்த்தம். அந்த யந்திரம் படித்த ஊரில் கீறுவது என்றால் கத்தியால் கீறுவது மட்டும்தான். ஆராதனா வீறிட்டாள். என் அண்ணனைக் கீறியது யார் என்று அழுதாள். மறுநொடி ஆம்புலன்ஸ் வந்தது. அதுவரை தூணுக்குப் பின்னால் சௌக்கியமாக நின்றிருந்த அண்ணன், உடம்பெல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். தியேட்டர் விழுந்து விழுந்து சிரித்தது. ஏகாம்பரம் மாமா மட்டும், நல்லா இருந்த ஆளை எவன் இப்படிப் பண்ணினான் என்று என்னிடம் உரக்க விசாரித்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கதாநாயகன் நின்றான். ஆராதனா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். மொத்தத் திரையும் அவள் முகம்தான். அவள் நேராக என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"இந்த நிலையில் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா?"

சாதிக் சொன்ன சொல் தவறாதவன். கம்பெனிப் பையன் மைக்கை என் கையில் திணித்தான். பச்சை விளக்கு எரிந்தது. ஏகாம்பரம் மாமாவின் தொப்பைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேகலா தலையை முன்னால் நீட்டி என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த நொடியே எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் தயார் செய்த வசனம் எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

"அது வந்து..." என்றேன்.

"எது வந்தது?" என்று ஆராதனா திரும்பிப் பார்த்தாள்.

தியேட்டரில் யாரோ கனைத்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஒரு நிமிஷம் என்றேன். ஒரு நிமிடம் மட்டுமா, அவ்வளவுதானா உங்கள் அன்பின் ஆயுள் என்று அவள் உதட்டைக் கடித்தாள். அதற்குள் சுற்றியிருந்தவர்கள் எனக்கு உதவி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீர் குடிக்கச் சொன்னார் ஒருவர். கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார் ஒருவர். இந்த ஆளை நம்பி அந்தப் பெண்ணை உட்கார வைத்திருக்கிறார்களே என்று பின்னால் இருந்த அம்மாள் இப்போது ஆராதனாவுக்காக வருத்தப்பட்டார். வியர்வை வழிய, நல்ல தமிழையெல்லாம் கைவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே தமிழில் அந்த ஒரு வார்த்தையைக் கஷ்டப்பட்டு வெளியே தள்ளினேன்.

"புட்ச்சிகீது."

ஆராதனாவின் முகம் வெளுத்தது. ஓரடி பின்வாங்கினாள்.

"என் அண்ணனைப் பிடித்துக் கீறியது நீங்கள்தானா?"

வராந்தாவின் கடைசியிலிருந்து ஒரு போலீஸ்காரர் நடந்து வர ஆரம்பித்தார். (அவரை எந்த நேரமும் தயாராக வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. வடசென்னை என்று சொல்லித்தானே படத்தைக் கொடுத்திருப்பார்கள்.) என் வருங்கால மாமனார் பதறிவிட்டார். காது மந்தமானவருக்கு இந்த இடம் மட்டும் எப்படியோ தெளிவாகக் கேட்டிருக்கிறது. என் கையிலிருந்த மைக்கின் மேல் குனிந்து, தன் கிரேன் குரலில், "இல்லன்னு சொல்லு நைனா" என்றார்.

மைக் அதைத்தான் நல்ல தமிழாக எடுத்துக்கொண்டது. இல்லையா, அப்படியென்றால் உங்களுக்கு என்னைப் பிடிக்கவே இல்லையா என்று ஆராதனா தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். நான் ஆமாம் என்றால் கொலைமுயற்சி, இல்லை என்றால் துரோகம். வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. திறக்காவிட்டாலும் அது விடவில்லை. மன்னிக்கவும், உங்கள் பதில் புரியவில்லை, மீண்டும் சொல்லவும் என்று ஒரு குரல் சொல்லும். ஆராதனா மறுபடி முதலிலிருந்து கேட்பாள். போலீஸ்காரர் மறுபடி முதலிலிருந்து நடந்து வருவார். படம் அந்த இடத்திலேயே சுற்ற ஆரம்பித்துவிட்டது. விசில் கிளம்பியது. கம்பெனிப் பையன் புரொஜெக்டர் அறையைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அப்போது அப்பாவின் துண்டுக்கு மேலாக ஒரு கை நீண்டது. மேகலா மைக்கை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். எழுந்து நின்றாள். பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்குங்க, கையை மடக்குங்க என்று தினமும் சொல்கிற, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்கிற குரலில் ஆராதனாவோடு பேசினாள்.

"இவ்வளவு நேரம் கேட்டும் பதில் சொல்லாத ஆளை விட்டுட்டு, நீ உன் வீட்டுக்குப் போ."

அன்று அந்த யந்திரம் பிசகாமல் புரிந்துகொண்ட ஒரே வாக்கியம் அது. ஆராதனா அழுகையை நிறுத்தினாள். நீங்கள் சொல்வதுதான் சரி என்றாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாள், அங்கே நின்றிருந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள், பஸ் போனது. திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. படம் முடிந்துவிட்டது. இடைவேளையே இன்னும் வரவில்லை. சமோசா தட்டோடு கதவருகே வந்து நின்ற கேன்டீன்காரர், விளக்கு போட்டதைப் பார்த்து, எங்கள் எல்லோரையும்விட அதிகமாகக் கலங்கிப்போனார்.

பெண்கள் பக்கத்திலிருந்து பலத்த கைதட்டல். ஆண்கள் பக்கத்திலிருந்து பாட்டு எங்கே, சண்டை எங்கே என்று கூச்சல். கம்பெனிப் பையனைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தப் படத்துக்கு எத்தனையோ முடிவுகள் வைத்திருக்கிறோம், இப்படி ஒரு முடிவு உள்ளே இருப்பது எங்களுக்கே தெரியாது என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டான். யாரோ யந்திரத்தைக் குறை சொன்னதும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சிஸ்டம் கரெக்டாத்தான் சார் இருக்கு. ஆடியன்ஸ்தான் சரியில்ல."

அதற்குப் பிறகு அவனுடைய டீ-ஷர்ட் என்ன ஆனது என்று சாதிக்கைத்தான் கேட்க வேண்டும். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சாதிக்கோ, ஆராதனா தரையில் உட்கார்ந்தபோதே எழுந்து போய்விட்டிருந்தான்.

வெளியே வந்து மூவரும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். ஏகாம்பரம் மாமா டிரைவருக்குப் பக்கத்தில். நானும் மேகலாவும் பின்னால், எங்கள் நடுவே யாருடைய காய்கறிப் பையோ. அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆராதனாவுக்குச் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான் என்று அந்தப் பக்கவாட்டு முகத்தில் தெளிவாக எழுதியிருந்தது. தேரடி வந்தால் அவள் இறங்கிப் போய்விடுவாள், நாளைக்கு அவள் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்து நிச்சயத்தட்டைத் திருப்பிக் கொடுப்பார். எண்ணூர் ரோட்டில் வழக்கம்போல டிரெய்லர்கள் அடைத்துக்கொண்டு நின்றன. எல்லா வண்டிகளும் ஒரே சமயத்தில் ஹாரன் அடித்தன. இந்தச் சத்தத்தில் எதைச் சொன்னாலும் யாருக்கும் கேட்காது என்கிற தைரியம் வந்தது. எனக்குத் தைரியம் வருகிற ஒரே சூழ்நிலை அதுதான்.

"உன்ன எனக்குப் புட்ச்சிகீது" என்று கத்தினேன். "எங்கம்மாவ அனுப்பினதே நான்தான். உன் கையால குத்திக்கணும்னே இல்லாத வியாதிக்கெல்லாம் டெஸ்ட் எடுத்துகினு இருந்தேன்."

முதல் வார்த்தை முடிந்ததுமே ஹாரன்கள் நின்றுவிட்டன. மிச்சத்தை ஆட்டோ முழுவதும் கேட்டது. ஏகாம்பரம் மாமா மட்டும் திரும்பி, மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று டிரைவரைக் கேட்டார். டிரைவர் ஒரு எழுத்தும் குறையாமல், அவர் காதுக்கு ஏற்ற சத்தத்தில் சொன்னார்.

"மாப்ளைக்குப் பொண்ணப் புட்ச்சிகீதாம் பெரியவரே. ரத்தம் குடுத்து லவ் பண்ணிகிறாரு."

மாமா சற்று யோசித்தார். "அத்த அங்கயே சொல்லியிருந்தா முழுப் படமும் பார்த்திருக்கலாம்" என்றார்.

மேகலா அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் காது வரை சிவந்திருந்தாள். தேரடியில் இறங்கும்போதுதான் பேசினாள்.

"அந்தத் தைராய்டு ஆளு நீங்கதானா? எல்லாம் நார்மல்னு வந்தும் திரும்பத் திரும்ப வர்றாரே, மண்டையிலதான் ஏதோ கோளாறுன்னு லேப்ல பேசிக்கினோம்." கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி நின்றாள். "பத்திரிகை அடிக்கக் குடுத்துடச் சொல்லுங்க."

கம்பெனி அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஆனால் மாமனார் பந்தியில் ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொன்னார். அவர் காதில் விழுந்த அளவில் சொன்னார். அண்ணனைப் பிடித்துக் கீறியது, போலீஸ் வந்தது, அவர் சொல்லித்தான் நான் மறுத்தது என்று அது நல்ல உருப்படியான கதையாகிவிட்டது. நடுவில் சினிமா என்று ஒன்று இருந்ததைச் சொல்ல அவர் பல இடங்களில் மறந்துவிட்டார். அன்றிலிருந்து திருவொற்றியூரில் எனக்குப் பெயர் 'கீறின மாப்ள'. வீட்டில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். தெருவில் சிரிக்காமல் சொல்வார்கள்.

போன மாதம் மேகலாவின் தூரத்துச் சித்தப்பா முறை ஒருவர் வந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தன் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஒருவன் மீன்பாடி வண்டியை நிறுத்துகிறான், நான் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா வந்து அவன் எதிரில் நின்றால் போதும் என்றார். நான் எத்தனை சொல்லியும் நம்பவில்லை. பெரிய ஆட்கள் இப்படித்தான் அடக்கமாக இருப்பார்கள் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். மறுவாரமே வண்டி வேறு தெருவுக்குப் போய்விட்டதாம். 'கீறின மாப்ள' தனக்கு உறவு என்று அவர் சொன்னதோடு சரியாம். காரியம் முடிந்த சந்தோஷத்தில், வெட்டிச் சுத்தம் செய்த ஒரு முழு வஞ்சிரத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார். திருப்பி அனுப்பலாமா என்று மேகலா கேட்டாள். நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.